உஷார்! படிப்புக் கடன் கடிதம் இன்னும் பழைய லயத்துக்கே போகிறது

தஞ்சோங் ரம்புத்தானில் பிறந்து வளர்ந்து, இப்போது ஷா ஆலமிலோ ஜொகூர் பாருவிலோ வேலை பார்க்கும் பிள்ளையா நீங்கள்? கல்லூரியில் சேரும்போது பிடிபிடிஎன் கடன் பாரத்தில் எந்த முகவரியை எழுதினீர்கள்? தோட்டத்து லயத்து எண்ணா, பாட்டி வீடா, அத்தை இருந்த வாடகை வீடா? கடைசி வரியில் 31250 என்று அஞ்சல் எண் போட்டது நினைவிருக்கிறதா? அந்த வீட்டில் இப்போது குடியிருப்பது யார்?

இதற்கு உடனே பதில் சொல்ல முடியாதவர்கள் இந்தக் கட்டுரையை முழுவதும் படித்துவிடுங்கள். கடன் பாக்கி இருப்பது ஒரு பிரச்சினை. பாக்கிக்காக உங்கள் பெயரில் வழக்கு நடப்பது உங்களுக்கே தெரியாமல் இருப்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. சம்பளக் கணக்கு முடங்கும்போதும், எல்லைச் சாவடியில் கடப்பிதழை வாங்கிக்கொண்டு ‘ஓரமாக நில்லுங்கள்’ என்று சொல்லும்போதும்தான் பலருக்கு விஷயமே தெரிய வருகிறது. அதற்குள் காகித வேலை எல்லாம் முடிந்திருக்கும்.

கடிதம் எங்கே போகிறது?

ஈப்போ, செம்மோர், தஞ்சோங் ரம்புத்தான், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்கள் இருந்த காலத்தில் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். கிராணி பெயர் பார்த்துக் கொடுப்பார். ‘லாடாங் இன்னது, 31250 தஞ்சோங் ரம்புத்தான்’ என்று எழுதினால் போதும், ஆள் கிடைத்துவிடுவார். தோட்டங்கள் கைமாறின, துண்டாடப்பட்டன, செம்பனைக்கும் வீடமைப்புக்கும் போயின. லயங்கள் இடிந்தன. குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு அடுக்குமாடிகளுக்கும் பிரிந்து போயின. பாரத்தில் எழுதிய முகவரி மட்டும் கடன் கொடுத்தவரின் கணினியில் அப்படியே இருக்கிறது.

இங்கேதான் சட்டத்தைக் கவனிக்க வேண்டும். மலேசிய நீதிமன்ற விதிகளின்படி ஒரு சிவில் வழக்கின் சம்மனை ஆளிடம் நேரில் கொடுக்கலாம். இல்லையென்றால் கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். வந்து சேர்ந்தபின் 14 நாளுக்குள் நீங்கள் ஆஜராகிறேன் என்று பதிவு செய்யவில்லை என்றால், நீங்கள் இல்லாமலே கடன் கொடுத்தவர் தீர்ப்பு வாங்கிவிடலாம். கடன் தொகை, வட்டி, வழக்குச் செலவு எல்லாம் சேர்த்து உங்கள் பெயரில் ஒரு தீர்ப்பு எழுதப்படும். அன்று நீங்கள் தொழிற்சாலையில் இரவு ஷிப்டில் இருந்திருப்பீர்கள்.

அடுத்த படி திவால் அறிவிப்பு. இதை நேரில் கொடுக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. ஆளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், நாளிதழில் விளம்பரம் போட்டும் பழைய முகவரியின் கதவில் ஒட்டியும் சேர்ந்ததாகக் கணக்கு வைக்க அனுமதி கிடைக்கும். 2017-இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது இந்த அனுமதியை இறுக்கினார்கள். கடனாளி வேண்டுமென்றே ஒளிகிறார், வீட்டை விட்டு விலகிப் போய்விட்டார் என்பது போன்ற காரணத்தைக் கடன் கொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். நல்ல திருத்தம்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தோட்டம் மூடியதால் வீட்டைக் காலி செய்தவரும் கடனுக்குப் பயந்து ஓடியவரும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். ‘ஆள் இல்லை, வீடு பூட்டியிருக்கிறது, அக்கம்பக்கத்தாருக்குத் தெரியவில்லை.’ நீங்கள் ஓடவில்லை என்று எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

எனவே முதல் எச்சரிக்கை இதுதான்: ஐ.சி.யில் முகவரி மாற்றியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பிடிபிடிஎன், வங்கி, கார் லோன் கொடுத்த நிறுவனம், கூட்டுறவுச் சங்கம் என்று கடன் கொடுத்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியே புதிய முகவரி, கைப்பேசி எண், மின்னஞ்சல் கொடுங்கள். கொடுத்ததற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்புக் கடன் மட்டும் ஆளைத் திவாலாக்குமா?

நியாயமான கேள்வி. தேசிய உயர்கல்விக் கடனுதவிக் கழகம், அதாவது பிடிபிடிஎன், 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது. அன்றிலிருந்து பல்லாயிரம் தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பணத்தில்தான் டிப்ளோமாவும் பட்டமும் வாங்கினார்கள். அதைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. வட்டி என்று பார்த்தாலும் நாட்டில் கிடைக்கும் கடன்களில் இது மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. பழைய ஒப்பந்தங்களில் 3 விழுக்காடு நிர்வாகச் செலவு இருந்தது. பின்னால் வந்தவற்றில் ஊஜ்ரா என்னும் சேவைக் கட்டணம் 1 விழுக்காடு.

திவால் வழக்குக்குக் கீழ்வரம்பு ஒன்று இருக்கிறது. அது 30,000 வெள்ளியாக இருந்து, 2017 அக்டோபரில் 50,000 ஆகி, கோவிட் காலத்தில் 2020 அக்டோபரில் 100,000 வெள்ளியாக உயர்ந்தது. ஒரு டிப்ளோமாக் கடன் தனியாக அந்த எல்லையைத் தொடுவது அரிது. திவால் இலாகாவின் காரணப் பட்டியலில் கல்விக் கடனுக்கும் ஒரு வரி உண்டு என்றாலும் அது சிறிய வரி. சமீப ஆண்டுகளில் முதலிடம் தனிநபர் கடனுக்கு. பின்னால் வாகனக் கடன், தொழில் கடன், வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு.

‘அப்படியென்றால் எனக்குப் பயமில்லை’ என்று நினைக்காதீர்கள். அந்தத் தனிநபர் கடனை ஏன் வாங்கினார்கள் என்று பட்டியல் சொல்வதில்லை. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு தங்கச்சி தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்க 40,000 வெள்ளி கடன் வாங்கினாள் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1 விழுக்காடு, 15 ஆண்டு. மொத்தம் 46,000. மாதம் ஏறக்குறைய 256 வெள்ளி. இது தாங்கும். வேலை கிடைத்தது, சம்பளம் 2,300. சேமநிதிக்கு 11 விழுக்காடு போனால் கையில் 2,040 சொச்சம். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ தொழிற்பேட்டைக்குப் பஸ்ஸை நம்பி ஷிப்டு வேலைக்குப் போக முடியாது. ஆகவே கார். 45,000 வெள்ளி லோன், 9 ஆண்டு, 3.5 விழுக்காடு. மாதம் ஏறக்குறைய 550. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, அண்ணனுக்குக் கல்யாணம். 15,000 வெள்ளி தனிநபர் கடன், 5 ஆண்டு, 8 விழுக்காடு. மாதம் 350.

மூன்றையும் கூட்டினால் மாதம் 1,156. மிச்சம் 900 வெள்ளிகூட இல்லை. அதில்தான் பெட்ரோல், சாப்பாடு, வாடகை, கைப்பேசிக் கட்டணம், அம்மாவுக்கு அனுப்பும் பணம். முதலில் எதை நிறுத்துவாள்? வாசலில் வந்து நின்று கத்தாத கடனை. அது பிடிபிடிஎன். அதை நிறுத்தியும் போதாமல் காரை நிறுத்துவாள். காரை இழுத்துக்கொண்டு போய் ஏலம் விடுவார்கள். ஏலத்தில் வந்த பணம் போக மீதித் தொகை அவள் தலையில்தான். வண்டி இல்லாததால் வேலையும் போகும். மூன்று கடன்களின் மொத்தப் பொறுப்பு 126,000 வெள்ளி. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: கடன் கொடுத்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டோர் சேர்ந்து ஒரே மனு போட்டு, தங்கள் பாக்கிகளைக் கூட்டி வரம்பைத் தொடச் சட்டம் இடம் கொடுக்கிறது.

வரம்புக்குக் கீழே இருந்தாலும் கடன் கொடுத்தவர் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. தீர்ப்பை வைத்து வங்கிக் கணக்கைப் பிடிக்கலாம். பொருளை ஜப்தி செய்யலாம். நீதிமன்றத்துக்கு வரவழைத்து வருமானத்தை விசாரிக்கலாம்.

சேருமுன்னே உஷார்

இந்தக் கணக்கில் அவளுக்கு வேலையாவது கிடைத்தது. கிடைக்காதவர் கதை இன்னும் மோசம். 2000-களில் தனியார் கல்லூரிகள் தாதியர் டிப்ளோமா வகுப்புகளை வரிசையாகத் திறந்தன. நம் பெண் பிள்ளைகள் நிறையப் பேர் சேர்ந்தார்கள். முடித்து வெளியே வந்தபோது அத்தனை பேருக்கும் மருத்துவமனைகளில் இடமில்லை. 50,000 வெள்ளியைத் தாண்டிய கடனோடு சூப்பர்மார்க்கெட் காசாளராகவும் கிளினிக் உதவியாளராகவும் போனவர்கள் நம் ஊர்களில் உண்டு. பாடம் ஒன்றுதான்: கடன் கிடைக்கிறது என்பதாலேயே வேலையும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

தமிழ்ப்பள்ளி மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் மேசை போட்டு, ‘எல்லாம் லோன்ல போயிடும் ஆன்ட்டி, கையில இருந்து ஒரு காசு வேண்டாம்’ என்று சொல்லும் கல்லூரி முகவர்களிடம் இவற்றைக் கேளுங்கள். இந்த வகுப்பு எம்கியூஏ என்னும் மலேசியத் தகுதி ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா? பிடிபிடிஎன் முழுக் கட்டணத்தையும் தருமா? பற்றாக்குறையை யார் கட்டுவது, எப்போது? பிள்ளை பாதியில் நிறுத்தினால் அதுவரை வாங்கிய பணம் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குப் பதிலை நானே சொல்கிறேன். படிப்பை முடிக்காவிட்டாலும் வாங்கிய பணம் கடன்தான். பட்டமும் இல்லாமல் கடனும் சுமப்பவர்கள்தான் முதலில் வழுக்கி விழுகிறார்கள்.

மாற்று வழிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் படிவம் படிக்கச் செலவு மிகக் குறைவு. ஈப்போவில் 1969 முதல் உங்கு ஓமார் பாலிடெக்னிக் நடக்கிறது. தொழில் திறனுக்கு ஐஎல்பி ஈப்போ என்னும் அரசுத் தொழிற்பயிற்சிக் கழகம் இருக்கிறது. இங்கெல்லாம் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் சிறு பங்குதான். முகவருக்கு இதில் கமிஷன் இல்லை. அதனால் அவர் சொல்ல மாட்டார்.

மாமா, சித்தப்பா, கோயில் தலைவரே! கையெழுத்து உஷார்

நம் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ‘நம்ம பையன் படிக்கட்டும்’ என்று சொல்லிவிட்டால் காகிதத்தைப் படிக்காமல் ஜாமீன் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அந்தக் கையெழுத்தால் வேலையும் வீடும் இழந்த மாமாக்கள் பேராக்கில் குறைவில்லை.

2017 திருத்தம் இவர்களுக்கு ஒரு கவசம் கொடுத்தது. லாபம் எதுவும் எதிர்பார்க்காமல் கல்விக் கடனுக்கோ கல்வி உதவித்தொகைக்கோ, சொந்தப் பயன்பாட்டுக்கான வாகனக் கடனுக்கோ, குடியிருக்கும் வீட்டுக் கடனுக்கோ ஜாமீன் நின்றவரைச் சட்டம் ‘சமூக ஜாமீன்தாரர்’ என்கிறது. அவர்மேல் திவால் நடவடிக்கை எடுக்கவே கூடாது. நல்ல செய்தி. இதை அச்சடித்துக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம்.

ஆனால் கவசத்தில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, திவால் நடவடிக்கைதான் தடை. சிவில் வழக்குப் போட்டுப் பணம் கேட்பதைச் சட்டம் தடுக்கவில்லை. இரண்டாவதுதான் பெரிய ஓட்டை. மருமகன் கல்லூரிக் கட்டணத்துக்குத்தான் பணம் வாங்கினான். ஆனால் கூட்டுறவுச் சங்கத்துப் பாரத்தில் ‘தனிநபர் கடன்’ என்று எழுதியிருக்கிறது. அல்லது ‘தொழில் மூலதனம்’ என்று எழுதியிருக்கிறது. அப்போது நீங்கள் சமூக ஜாமீன்தாரர் என்று வாதாட வேண்டிய சுமை உங்கள் தலையில் விழும். சாதாரண ஜாமீன்தாரருக்கும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. கடன் வாங்கியவரிடம் வசூலிக்க எல்லா வழியையும் முயன்று பார்த்து, நீதிமன்ற அனுமதியும் பெற்ற பிறகே அவரைத் தொட முடியும். ஆனாலும் தொட முடியும்.

கையெழுத்துப் போடுமுன் மூன்றே விஷயம். பாரத்தில் கடனின் நோக்கம் என்னவென்று எழுதியிருக்கிறது? நீங்கள் ஜாமீன்தாரரா, அல்லது கூட்டுக் கடனாளியா? ஒப்பந்தத்தின் ஒரு நகல் உங்கள் கையில் இருக்கிறதா? மலாய் படிக்க வரவில்லையென்றால் பேரப்பிள்ளையை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ‘அவசரம் மாமா, இன்னைக்குள்ள கொடுக்கணும்’ என்றால் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

கடனைக் கட்டக் கடன்: இதுதான் சுழல்

பிடிபிடிஎன் பாக்கியைக் கட்ட வேறு கடன் வாங்காதீர்கள். 1 விழுக்காட்டுக் கடனைத் தீர்க்க 8 விழுக்காட்டுக் கடனா? கிரெடிட் கார்டில் எடுத்தால் அதைவிடவும் கொடுமை. அதிலும் மோசம் விளக்குக் கம்பத்தில் கைப்பேசி எண் ஒட்டியிருக்கும் ஆலோங், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரன். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது, அடமானம் இருந்தால் 12 என்பது சட்டம். வாரத்துக்கு இவ்வளவு என்று பேசுகிறவர், ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் கேட்கிறவர், ஐ.சி.யை வாங்கி வைத்துக்கொள்கிறவர் எவராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொரு பொறி வந்திருக்கிறது. ‘உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாளைக்கு வாடகைக்குக் கொடு தம்பி, மாசம் ஐந்நூறு தர்றேன்.’ கடனில் தவிக்கும் இளைஞனுக்கு ஐந்நூறு பெரிய தொகை. அந்தக் கணக்கில் யாரோ ஒரு பாட்டியை ஏமாற்றிய பணம் வந்து போகும். குற்றவியல் வழக்கில் நிற்பது கணக்குக்காரன். கடனால் வரும் திவாலுக்கு விடுதலை உண்டு. குற்றப் பதிவு அவ்வளவு எளிதில் போகாது.

‘பிடிபிடிஎன் அதிகாரி பேசுகிறேன், இன்று மாலைக்குள் இந்தக் கணக்கில் பணம் போட்டால் வழக்கு ரத்து’ என்று வரும் அழைப்பும் அந்த வகைதான். கழகத்துக்குக் கட்டும் பணம் கழகத்தின் கணக்கில்தான் போக வேண்டும், தனிநபர் பெயரில் உள்ள கணக்கில் அல்ல. ஏமாந்து அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 997-க்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு.

‘அரசாங்கம் தள்ளுபடி பண்ணிடும்’ என்று காத்திருப்பவர்களுக்கு

2018 தேர்தலுக்குமுன் 4,000 வெள்ளி சம்பளம் வரும்வரை கட்ட வேண்டாம் என்று வாக்குறுதி வந்தது. ஆட்சி மாறியது. அந்த ஆண்டு ஜூன் மாதம் வெளிநாடு போகத் தடை விதிக்கப்பட்டிருந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட கடனாளிகளின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. ஆனால் கடன் நீங்கவில்லை. பயணத்தைத் தடுக்கும் அதிகாரம் பிடிபிடிஎன் சட்டத்தில் எழுதப்பட்டதுதான். ஓர் அமைச்சர் தளர்த்தியதை இன்னோர் அமைச்சர் இறுக்கலாம். தஞ்சோங் ரம்புத்தானை உள்ளடக்கிய தம்புன் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரே 2022 முதல் நாட்டின் பிரதமர். அதனால் நம் ஊர்க் கடன் மட்டும் கரைந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சலுகைகள் வருவதுண்டு. 2023 வரவு செலவுத் திட்டத்தில் மூன்று மாத காலத்துக்கு, முழுப் பாக்கியையும் கட்டியவர்களுக்கு 20 விழுக்காடு கழிவு கொடுத்தார்கள். 1,800 வெள்ளிக்கு உட்பட்ட வருமானம் உள்ளவர்கள் ஆறு மாதம் தள்ளிப்போட விண்ணப்பிக்கலாம் என்றார்கள். இரண்டும் கேட்டவர்களுக்குக் கிடைத்தவை. கேட்காமல் காத்திருந்தவர்களின் பாக்கி அப்படியே நின்றது. முதல் வகுப்பில் தேறியவர்களுக்குக் கடன் விலக்கும் உண்டு. நிபந்தனைகளைப் பார்த்துக் காலக்கெடுவுக்குள் விண்ணப்பிக்காவிட்டால் அதுவும் போயிற்று.

இப்போதே செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் நிலை என்னவென்று பாருங்கள். பிடிபிடிஎன் கணக்கை இணையத்தில் திறந்து பாக்கி எவ்வளவு, கட்ட வேண்டிய தேதி எது என்று பாருங்கள். கடன் தகவல் நிறுவனமான சிடிஓஎஸ்ஸின் அறிக்கை எடுத்தால் உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று தெரியும். பாங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் அறிக்கையில் வங்கிக் கடன்கள் எல்லாம் வரும். திவால் இலாகாவின் இ-இன்சோல்வென்சி தளத்தில் ஐ.சி. எண்ணைப் போட்டுத் தேடலாம். பயணத் தடை உண்டா என்பதைக் குடிநுழைவுத் துறையின் இணையச் சரிபார்ப்பில் பார்க்கலாம். சபரிமலைக்கும் பழனிக்கும் டிக்கெட் எடுத்த பிறகு பார்ப்பதைவிட முன்பே பார்ப்பது நல்லது.

கட்ட முடியவில்லை என்றால் நிறுத்தாதீர்கள், பேசுங்கள். மாதத் தவணையைக் குறைக்கவும் காலத்தை நீட்டவும் பிடிபிடிஎன்னில் மறு அட்டவணை கேட்கலாம். 256 வெள்ளி முடியாதா? 100 வெள்ளி முடியுமா? அதை எழுத்தில் கேளுங்கள். கட்டுகிறவர் பெயர் ‘ஓடிப்போனவர்’ பட்டியலில் சேராது. பழைய 3 விழுக்காட்டு ஒப்பந்தம் என்றால் ஊஜ்ராவுக்கு மாற்ற வழி இருக்கிறதா என்றும் கேளுங்கள். சேமநிதியின் கல்விப் பிரிவிலிருந்து எடுத்துக் கட்டத் தகுதி உண்டா என்றும் விசாரியுங்கள்.

பல கடன் சேர்ந்துவிட்டதா? ஏகேபிகே அலுவலகத்துக்குப் போங்கள். பாங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு இது. ஈப்போவிலும் கிளை உண்டு, ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. வங்கிகளோடு அவர்களே பேசி எல்லாக் கடனையும் ஒரே மாதத் தவணையாக அமைத்துத் தருவார்கள். ‘லோன் கன்சல்டன்ட்’ என்று முன்பணம் கேட்கும் தரகரிடம் போக வேண்டிய அவசியமே இல்லை.

நீதிமன்றக் காகிதம் வந்துவிட்டதா? பூஜை அறையில் வைத்துவிட்டு மறக்காதீர்கள். திவால் அறிவிப்பு கைக்கு வந்தால் பணம் கட்டவோ அதை எதிர்த்து மனுப் போடவோ 7 நாள்தான். தெரியாமல் வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கவும் 30 நாள் கெடு உண்டு. வழக்கறிஞருக்குப் பணமில்லையென்றால் ஈப்போவில் சட்ட உதவி இலாகாவும் பேராக் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கின்றன. திவால் ஆணை வருமுன் நீதிமன்றத்தின் வழியாகக் கடன் கொடுத்தவர்களோடு சமரசத் திட்டம் போட்டுக்கொள்ளவும் 2017 சட்டம் வழி வைத்திருக்கிறது. அந்த இடைக்காலப் பாதுகாப்பு 90 நாள்.

ஏற்கெனவே ‘பேங்க்ராப்’ ஆகிவிட்டவர்களுக்கு

திவாலானவர் அனுமதி இல்லாமல் வெளிநாடு போக முடியாது. கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. சொத்து திவால் இலாகாவின் பொறுப்பில் போகும். மாதந்தோறும் ஒரு தொகை கட்ட வேண்டும். ஆனால் இது ஆயுள் தண்டனை இல்லை. 2017-க்குமுன் பலருக்கு அப்படித்தான் இருந்தது. இப்போது குறிக்கப்பட்ட தொகையைச் செலுத்தி, கணக்கு விவரத்தை ஒழுங்காகக் கொடுத்தால் மூன்று ஆண்டில் தானாக விடுதலை கிடைக்க வழி உண்டு.

இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அந்த மூன்று ஆண்டு, திவால் ஆணை வந்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றின் விவர அறிக்கையை நீங்கள் இலாகாவில் கொடுத்த நாளிலிருந்துதான் எண்ணப்படும். பயந்துகொண்டு பத்து ஆண்டு இலாகா பக்கம் போகாதவருக்குக் கடிகாரமே ஓடத் தொடங்கவில்லை. 2023-இல் ‘இரண்டாம் வாய்ப்பு’ கொள்கையும் சட்டத் திருத்தமும் வந்து, சிறிய கடனுக்குத் திவாலானவர்கள் பல்லாயிரம் பேர் விடுவிக்கப்பட்டார்கள். 70 வயதைத் தாண்டியவர்களுக்கும், மனநலம் குன்றித் தன்னைப் பார்த்துக்கொள்ள இயலாதவர்களுக்கும் விடுதலை எளிதாக்கப்பட்டது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் ஈப்போ திவால் இலாகாவில் அவருக்காக விசாரியுங்கள்.

இன்னொரு விஷயம். தஞ்சோங் ரம்புத்தான் என்ற பேரைச் சொன்னாலே நாடு முழுக்க ஒரு கேலி உண்டு, 1911-இலிருந்து இங்கே இருக்கும் மனநல மருத்துவமனையை வைத்து. அந்தக் கேலிக்குப் பயந்தே நம் பிள்ளைகள் மனம் உடையும்போது வாய் திறப்பதில்லை. கடன்காரன் அழைப்பு வரும்போதெல்லாம் கை நடுங்குகிறதா, தூக்கம் போய்விட்டதா, செத்துவிடலாமா என்று தோன்றுகிறதா? 15555 என்ற ஹீல் எண்ணுக்கு அழையுங்கள். ஈப்போவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பும் இருக்கிறது. எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது. நாட்டின் சட்டமே அதைத் தீர்க்க வழி வைத்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளிகள் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ரசீதைத் தகரப் பெட்டியில் பத்திரப்படுத்தினார்கள். மாதத் தவணை கட்டுவது நமக்குப் புதிதல்ல. காகிதத்தைக் கண்டு ஒளிவதுதான் புதிய பழக்கம். அது நம்மைத் தின்கிறது.

பிள்ளை கடன் வாங்கிப் படிக்கட்டும். தப்பில்லை. ஆனால் என்ன கையெழுத்துப் போட்டான், எவ்வளவு வாங்கினான், எப்போது கட்டத் தொடங்க வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியட்டும். ‘படிச்ச பிள்ளை, அவனே பார்த்துப்பான்’ என்று விடாதீர்கள். இருபத்திரண்டு வயதில் சட்டக் கடிதத்தைக் கண்டு பயப்படாதவர் யார்? கடிதம் வந்தால் திட்டாமல் கூட உட்கார்ந்து படியுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் அடுத்த கடிதத்தை அவன் உங்களிடம் காட்டவே மாட்டான்.

இந்த வாரமே மூன்று வேலை: முகவரியைத் திருத்துங்கள், உங்கள் பெயரில் வழக்கு இருக்கிறதா என்று பாருங்கள், முடிந்த தொகையைக் கட்டத் தொடங்குங்கள். பழைய லயத்தில் உங்களோடு இருந்து, இப்போது எங்கோ இருக்கும் நண்பர்களுக்கும் சொல்லுங்கள். அவர்கள் பெயரில் வரும் கடிதமும் அதே இடிந்த வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.